சந்தேகங்களுக்கு விளக்கம்: எல்லோரும் டிராகன் விளையாடும் காலத்தில் உண்மையான நெர்ட் யார்?

வணக்கம் நண்பர்களே. வந்திருக்கும் கேள்விகளில் இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். படித்த நாள் முதல் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. கோவையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். கல்லூரி விடுதியில், நகலெடுத்த விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பழகியவர். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. "அன்று எங்களைக் கிறுக்கர்கள் என்றார்கள். இன்று இந்த விளையாட்டு வரும் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரைப் பார்த்தவர், இதன் விதிகளை வைத்துச் செய்த பால்டர்ஸ் கேட் கணினி விளையாட்டின் மூன்றாம் பாகத்தை விளையாடியவர், இருபது முகப் பகடை அச்சிட்ட சட்டை வாங்கியவர் எல்லோரும் தங்களை நெர்ட் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இவர்களில் உண்மையான நெர்ட் யார், எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் முதலில் வந்தவருக்கே உரிமை என்ற அளவுகோலை எடுத்தால், அது உங்களையே வெளியே தள்ளிவிடும். 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து இந்த விளையாட்டு வந்தது. முதல் பதிப்பு ஆயிரம் பெட்டிகள்தான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மூன்று சிறு புத்தகங்களைக் கையாலேயே அடுக்கினார்கள். இதை உருவாக்கியவர்கள் இருவர். கேரி கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவன வேலை போன பிறகு வீட்டில் செருப்புப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். டேவ் ஆர்னசன் பக்கத்து மினசோட்டா மாநிலத்து இளைஞர். அப்போது அந்த வட்டாரத்தில் மூத்தவர்கள் யார்? மேசைமீது ஈயச் சிப்பாய்களை நிறுத்தி நெப்போலியன் காலப் போர்களை நடத்தியவர்கள். போர் விளையாட்டுக்குள் டிராகனும் மந்திரவாதியும் எதற்கு என்று அவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். அந்தப் பெரியவர்கள் பார்வையில் கைகாக்ஸின் கூட்டமே நேற்று வந்த கூட்டம்.

ஏளனம் பட்டவருக்கே உரிமை என்பார்கள். எண்பதுகளில் அமெரிக்காவில் இந்த விளையாட்டைச் சாத்தான் வழிபாடு என்றே பல பெற்றோர் நம்பினார்கள். 1985-ல் 60 மினிட்ஸ் என்ற தொலைக்காட்சிச் செய்தி நிகழ்ச்சியே இதைப் பற்றி விசாரணை போல ஒரு பகுதி ஒளிபரப்பியது. அப்படி வளர்ந்தவர்களுக்கு வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் அது மற்றவர்கள் உங்களுக்குச் செய்தது. நீங்கள் அந்த விளையாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்பதை அது சொல்வதில்லை.

மூன்றாவது, கேள்வி கேட்டுச் சோதிப்பது. புதிதாக வந்தவரிடம் "தாக்கோ தெரியுமா?" என்று மடக்குவார்கள். பழைய பதிப்புகளில் கவசம் நல்லதாக ஆக ஆக அதன் எண் குறையும். கவச எண் பூஜ்யமாக உள்ள எதிரியை அடிக்கப் பகடையில் விழ வேண்டிய எண்தான் தாக்கோ. உங்கள் வீரனின் தாக்கோ 18, எதிரியின் கவச எண் 5 என்றால், 18-ல் 5 போக, இருபது முகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். கவச எண் மைனஸ் 2 என்றால் 20 விழுந்தாக வேண்டும். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கி வெறும் கூட்டல் கணக்காக்கிவிட்டது. இவ்வளவுதான் விஷயம், இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கக்கூடியதை வாசலில் காவலாக நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்படியானால் என் அளவுகோல் என்ன? பழைய நேயர்களுக்குத் தெரியும், அறுகோணக் கட்ட வரைபடங்களைப் பற்றிப் பேசியபோதும் இதையேதான் சொன்னேன். யாரும் கேட்காத வேலையை, அந்தப் பொருளின் மேலுள்ள ஆசையால் மட்டுமே, கடைசிவரை இழுத்துச் செய்கிறவர்தான் நெர்ட்.

லூ சாக்கியைப் பாருங்கள். கேம்சயன்ஸ் என்ற நிறுவனத்தின் பெயரில் பகடை தயாரித்தவர். தொடக்க கால இருபது முகப் பகடைகள் மென்மையான பிளாஸ்டிக். விளையாட விளையாட முனைகள் தேய்ந்து உருண்டைக்கல்லாகிவிடும். பலவற்றில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை இரண்டு முறை பொறித்திருப்பார்கள், அதுவும் மை ஏற்றாமல். வாங்கியவரே மெழுகு வண்ணக்குச்சியால் எண்களுக்கு நிறம் தேய்த்து, ஒரு பாதியை வேறு நிறமாக்கி, இது பத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சாக்கி கடினமான பிளாஸ்டிக்கில் கூரிய விளிம்புள்ள பகடைகளைக் கொண்டுவந்தார். அதோடு நிற்கவில்லை. கண்காட்சிகளில் தம் கடை முன்னால் நிற்பவர்களுக்கு மற்றவர்கள் தயாரித்த பகடைகளை எடுத்துக் காட்டுவார். ஒரே எண் மேலே வரும்படி ஒரு வரிசை அடுக்குவார், பக்கத்தில் வேறோர் எண் மேலே வரும்படி இன்னொரு வரிசை. இரண்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். இருக்காது! கண்ணுக்கே தெரியும் அளவுக்கு ஒன்று குட்டையாக நிற்கும். காரணத்தையும் அவரே விளக்குவார். அச்சிலிருந்து எடுத்த பகடைகளை மெருகேற்றுவதற்காகச் சுழலும் உருளைக்குள் போட்டு அரைக்கிறார்கள், அப்போது விளிம்புகள் ஒரே சீராகத் தேய்வதில்லை, பகடை உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவாகிவிடுகிறது. அவர் தம் பகடைகளை அந்த உருளைக்குள் போடவே இல்லை. அதனால் அச்சிலிருந்து வெட்டிய இடத்தில் சிறு துருத்தல் நிற்கும். அதை நீங்களே அரத்தால் ராவிக்கொள்ளுங்கள் என்று விற்றார்.

பிறகு நூறு முகப் பகடை செய்தார். 1985-ல் வெளிவந்தது. இரண்டு பத்து முகப் பகடைகளை உருட்டினாலே நூறு வரை எண் கிடைக்கும்போது இது எதற்கு என்று யாரும் கேட்கலாம். அவருக்கு அது செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. நூறு முகம் என்றால் கிட்டத்தட்டக் கோல்ஃப் பந்து, உருட்டினால் நிற்காமல் ஓடும். உள்ளே குடைந்து, தளர்வாக உருளும் சிறு எடைத் துண்டுகளைப் போட்டு, அதைச் சீக்கிரம் அடங்க வைத்தார். இந்த மனிதரை நினைத்தாலே எனக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. யார் கேட்டார்கள் அவரை?

இன்னொருவர் லீ கோல்ட். லாஸ் ஏஞ்சல்ஸ்காரர். 1975-ல் அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் என்ற தொகுப்பிதழைத் தொடங்கினார். விளையாடுகிறவர்கள் தங்கள் ஆட்டத்தைப் பற்றியும் தாங்கள் மாற்றிய விதிகளைப் பற்றியும் ஆளுக்குச் சில பக்கம் எழுதி அனுப்புவார்கள். அவர் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, தைத்து, அஞ்சலில் அனுப்புவார். சென்ற இதழில் இன்னார் சொன்னதற்கு இந்த இதழில் மறுமொழி, அதற்கு அடுத்த இதழில் மறுமொழி. அந்த முதல் மூன்று புத்தகங்களில் ஓட்டைகள் நிறைய. காட்டுவழிப் பயணத்துக்கு வேறொரு நிறுவனத்தின் பலகை விளையாட்டை வாங்கி அதன் வரைபடத்தைப் பயன்படுத்துங்கள் என்றே அவற்றில் இருந்தது. ஓட்டைகளை அடைத்தவர்கள் இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டவர்கள்தான். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்த அம்மையார் இதை நடத்தினார். மறுபடியும் சொல்கிறேன், யாரும் கேட்காத வேலை.

ஆகவே ஐயா, அந்தச் சட்டைக்காரர் நெர்டா என்று சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் நெர்டா என்பதையும் விடுதி நாட்களை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் என்னிடம் வேறொன்றைக் கேட்டிருக்கலாம் என்று ஆசைப்படுகிறேன்: நேற்று வந்தவருக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

2023 ஜனவரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2000 முதல் யார் வேண்டுமானாலும் இந்த விதிகளை வைத்துப் புத்தகம் எழுதி விற்கலாம் என்ற திறந்த உரிமம் இருந்தது. விளையாட்டை வைத்திருக்கும் நிறுவனம் அதை மாற்றப் பார்த்தது. ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் அதற்கு மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு 25 வரை கட்ட வேண்டும் என்பது கசிந்த வரைவில் இருந்த ஒரு நிபந்தனை. விளையாடுகிறவர்கள் அந்த வரைவை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தார்கள். முப்பது ஆண்டு ஆடியவரும், தொடர் பார்த்து வந்தவரும் சேர்ந்தே எதிர்த்தார்கள், அந்த நிறுவனத்தின் இணையச் சேவைக்குக் கட்டிய சந்தாவை நிறுத்தினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கியது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. இனி அதைத் திரும்பப் பெற முடியாது. கூட்டம் பெருகியிராவிட்டால் அந்தக் குரலுக்கு அவ்வளவு வலு இருந்திருக்குமா?

அந்த விதித்தொகுப்பு இன்றும் இலவசம். தமிழிலோ வேறெந்த மொழியிலோ பெயர்த்து, திருத்தி, மூலத்தைக் குறிப்பிட்டு, விற்கக்கூட உங்களுக்கு உரிமை உண்டு. நீங்களும் உங்களுக்குத் தெரிந்த ஒரு புதியவரும் அதைப் பதிவிறக்குங்கள். பாத்திரம் உருவாக்கும் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சண்டை விதிகளைப் படியுங்கள். ஒரே ஒரு சண்டையை மேசையில் நடத்திப் பாருங்கள். விதி தெளிவாக இல்லாத இடத்தில் இருவரும் பேசி, உங்கள் முடிவைப் பக்கத்து ஓரத்தில் எழுதுங்கள். அந்த முடிவுகளை எனக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த காணொளியில் அவற்றில் ஒன்றை மேசைமீது வைத்து ஆடிக் காட்டுகிறேன்.