தானா ராத்தாவில் கறிவேப்பிலை தேடிய கதை

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூர் செந்தூல் வீட்டுச் சமையலறையிலிருந்துதான் பேசுகிறேன். பின்னால் குக்கர் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று இரவுதான் கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா ஊரிலிருந்து இறங்கினேன். பையைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. ஆனால் இந்தக் கறிவேப்பிலை விஷயத்தை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு வேறு வேலை ஓடாது.

மூன்று ஈர்க்கு கறிவேப்பிலை, 2 ரிங்கிட்! இதோ, ஓர் ஈர்க்கை மிச்சம் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள். நுனி கறுத்துவிட்டது. எங்கள் செந்தூலில் காய்கறி வாங்கினால் கடைக்கார அண்ணன் கேட்காமலேயே ஒரு கைப்பிடி அள்ளிப் பையில் போட்டுவிடுவார். அதற்குக் காசு கேட்டால் சண்டையே வந்துவிடும். போன காணொளியில் பலர் எழுதியிருந்தீர்கள், "அக்கா, கேமரனில் எல்லாமே மலிவு, அள்ளிக்கொண்டு வாருங்கள்" என்று. எல்லாமே மலிவு இல்லை, தயவுசெய்து இனி அப்படி எழுதாதீர்கள்.

நான் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க் காயில் ஒரு சாம்பார் வைக்காமல் திரும்ப மாட்டேன், அது உங்களுக்குத் தெரியும். அதற்காகவே சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுத்தேன். முட்டைக்கோஸ், கேரட், தக்காளி எல்லாம் அங்கேயே விளைகிறவை. அரை மணி நேரத்தில் வாங்கி முடித்துவிட்டேன். கறிவேப்பிலைக்குத்தான் மூன்று கடை ஏறி இறங்கினேன்.

முதலாவது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மினி மார்க்கெட். குளிர்பெட்டியில் கீரை இருக்கிறது, புதினா இருக்கிறது, கறிவேப்பிலை இல்லை. ஆனால் அங்கே ஒன்று பார்த்தேன். முறுக்குப் பாக்கெட், பிஸ்கட் பாக்கெட் எல்லாம் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கின்றன. கெட்டுப்போனதோ என்று பயந்து கீழே வைத்துவிட்டேன். கெடவில்லையாம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. கீழே அடைத்த பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று மேலே வந்ததும் விரிந்துவிடுகிறது.

இரண்டாவது கடை எனக்கு ரொம்பப் பிடித்த கடை. தோட்டத் தொழிலாளர்கள் வாங்கும் பலசரக்குக் கடை. வாசலில் ரப்பர் பூட்ஸ் அளவுவாரியாகத் தொங்குகிறது. பக்கத்தில் மண்வெட்டி, தார்ப்பாய், ராஃபியா கயிற்று உருண்டை. உள்ளே அரிசி மூட்டை, நெத்திலி, வங்காளதேசத்துத் தொழிலாளர்களுக்காகக் கடுகு எண்ணெய், பொரி. ஒரே கடையில் மூன்று நாட்டுச் சமையல்! வண்ணக் காகிதம் சுற்றி வைத்திருக்கும் பரிசுக் கடைகளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இந்த மாதிரிக் கடையில் விட்டால் சாயங்காலம் வரை நிற்பேன். அரசு மானியம் கொடுக்கிற 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் இருந்தது. இங்கே கோலாலம்பூரில் என்ன விலையோ அதே 2 ரிங்கிட் 50 சென்தான். மலை ஏறியும் விலை ஏறாத பொருள் அது. என் சிவப்புக் குறிப்பேட்டில் அதற்கு இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

அங்கேயும் கறிவேப்பிலை இல்லை.

மூன்றாவது பின்வரிசையில் ஒரு தமிழ் மளிகைக் கடை. கல்லாவில் ஓர் அம்மா. கேட்டதும், "நேற்று வந்தது நேற்றே முடிந்துவிட்டது, இதுதான் இருக்கிறது" என்று ஈரத்துணியைப் பிரித்து இந்த மூன்று ஈர்க்கை எடுத்தார். குழந்தையைத் துணியிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தார். விலையைக் கேட்டதும் என் முகம் மாறியிருக்க வேண்டும். "கோபப்படாதே தங்கச்சி. இந்தக் குளிரில் செடி தழைக்காது. நானும் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டேன். தேங்காய், முருங்கைக்காய், வாழை இலை எல்லாமே கீழேயிருந்து லாரியில்தான் வரவேண்டும்" என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாம் கீழே கேமரன் கோஸுக்கு லாரி வாடகை சேர்த்துக் கொடுக்கிறோம், அவர்கள் மேலே நம் கறிவேப்பிலைக்குக் கொடுக்கிறார்கள். 2 ரிங்கிட் நியாயமான விலைதான். கொடுத்துவிட்டேன். மனது மட்டும் இன்னும் ஆறவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த அம்மா கடையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்து, நெய் மாதிரி நின்றன. 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். தானா ராத்தாவில் பகலிலேயே அந்த அளவுதான். "எப்படிக் கொட்டி எடுப்பது?" என்றேன். சிரித்துக்கொண்டே கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த அகலவாய்ப் போத்தலைக் காட்டினார், அதில் ஒரு கரண்டி குத்தி நின்றது. நானும் ஒரு பாட்டில் வாங்கினேன்.

அவர் பருப்பைப் பற்றியும் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. "குக்கர் இல்லையென்றால் முதலில் ஊறவை" என்றார். நேரமில்லை என்று அப்படியே சட்டியில் போட்டேன். ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு மணி மணியாக நின்றது! அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் சூடு ஏறாது. எவ்வளவு எரியவிட்டாலும் கேஸ்தான் போகும். மறுநாள் ஊறவைத்து வைத்தேன், சாம்பார் அருமையாக வந்தது. மேலே போகிறவர்கள் குக்கரைக் கையோடு கொண்டுபோங்கள்.

சரி, கோஸ். சாலையோரக் கடை ஒன்றில் ஒரு கோஸ் 5 ரிங்கிட் என்றார்கள். அதே இடத்தில் வாங்கிய தக்காளிப் பெட்டியில் மேல்வரிசை மினுமினுவென்று இருந்தது, அறைக்கு வந்து கவிழ்த்தால் அடிவரிசை நசுங்கி நீர் விட்டிருந்தது. மூடிக் கட்டிய பெட்டி எனக்கு எப்போதும் ஆகாது, அன்றைக்கு அவசரத்தில் வாங்கிவிட்டேன். அந்த அம்மா கடையில் கோஸைக் கையில் தூக்கிப் பார்த்து எடுக்கலாம். வெளி இலை உரிக்காமல், மண்ணோடு, ஒன்றரைக் கிலோ இருக்கும். 3 ரிங்கிட்! இரண்டு வாங்கினேன். வெளி இலையோடு இருந்தால்தான் நாள்பட நிற்கும். மலையிலிருந்து தாப்பா ஊருக்கு இறங்கும் சாலையில் அத்தனை வளைவு இருக்கிறதே, பஸ்ஸில் இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கீறல் விழவில்லை, பாருங்கள்.

தேயிலையும் அந்தக் கடையிலேயே வாங்கினேன். போ (BOH) தேயிலை நிறுவனம் 1929லிருந்து அந்த மலையில் தேயிலை போடுகிறது. பரிசுக் கடையில் தகர டப்பாவில் வைத்து விற்பதைவிட, மளிகைக் கடைத் தூள் பாக்கெட்தான் நம் பால் தேநீருக்குச் சரியான கடுப்பு கொடுக்கும்.

அந்தத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் காட்ட மறந்துவிட்டேன். இதுதான். நேற்று நடு இரவில் மேசையில் வைக்கும்போது அடியில் இன்னும் வெள்ளையாகக் கொஞ்சம் கிடந்தது. காலையில் எழுந்து பார்த்தால், தண்ணீராக நிற்கிறது.