நோட்டுக்குள் இருந்த படம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறைக்கல்வி வகுப்பு முடிந்து எல்லாரும் ஓடிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. 13 வயது இருக்கும். நோட்டைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு விளையாட்டு வீரரின் படம். செய்தித்தாளிலிருந்து கத்தரித்து ஒட்டியது. ஓரம் கோணல்மாணல், பசை காய்ந்து மஞ்சள் பூத்திருந்தது. "டீச்சர், இவர் நம்ம மதம் இல்ல. இதை வச்சிருந்தா பாவம்னு சொல்றாங்க. கிழிச்சிடவா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. நான் கற்பிக்க வந்த புதிதில் ஒரு பெண் பிள்ளை, தனக்குப் பிடித்த பாடகியைப் பற்றி இதையேதான் கேட்டாள். "நமக்கு எதுக்கும்மா அதெல்லாம், வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். சரி என்று தலையாட்டினாள். அப்புறம் அவள் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்டதே இல்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. திருச்சபையின் போதனையைச் சொல்வதாக நினைத்து, என் பயத்தைத்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

திருப்பலியில் நற்கருணை வாங்குவதற்கு முன் நாம் என்ன சொல்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். 'ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவன்...' இது முதலில் யாருடைய வார்த்தை? திருத்தூதர் ஒருவர் சொன்னதில்லை. யூதர்கூட இல்லை. ஓர் அந்நியப் படை அதிகாரி, நூற்றுவர் தலைவர், நோயுற்ற தன் பணியாளுக்காக இயேசுவிடம் வந்து சொன்னது. இயேசு அதைக் கேட்டு வியந்தார் என்று மத்தேயு எழுதுகிறார். 'இஸ்ரயேலர் யாரிடமும் இத்தகைய நம்பிக்கையை நான் கண்டதில்லை' என்று, கூட இருந்தவர்கள் காதில் விழும்படியே பாராட்டினார். ஆண்டவரே வியந்து பாராட்டியிருக்கும்போது, வேறு மதத்தவர் ஒருவரை வியந்து பார்ப்பதே குற்றம் என்று நாம் எப்படிச் சொல்வது? அந்த மனிதரின் சொற்களை எடுத்து, திருப்பலியில் மிகப் புனிதமான நேரத்தில் அல்லவா திருச்சபை வைத்திருக்கிறது.

உலகெங்குமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று, பிற சமயங்களோடு நமக்குள்ள உறவு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தச் சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கிற எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அது சொல்கிறது. அதே பத்தியிலேயே, வழியும் உண்மையும் வாழ்வுமான கிறிஸ்துவை ஓயாமல் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றும் சொல்கிறது. சிலர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள். சிலர் இரண்டாம் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் வேண்டும். ஒருவரின் நேர்மையை, உழைப்பை, கலையை மதிப்பது வேறு. அவருடைய வழிபாட்டை நம் வழிபாடாக ஏற்பது வேறு. முன்னதைச் செய்யப் பின்னது தேவையே இல்லை.

இப்போது பொழுதுபோக்குக்கு வருகிறேன். பக்தியுள்ள வீடுகளில் சிரிப்பும் விளையாட்டுமே கொஞ்சம் சந்தேகத்துக்குரியவை என்ற எண்ணம் உண்டு. திருச்சபையின் பெரிய இறையியல் அறிஞரான புனித தோமா அக்குவினா இதற்கு நேர் எதிராக எழுதியிருக்கிறார். வில்லை எப்போதும் வளைத்தே வைத்திருந்தால் முறிந்துவிடும், மனமும் அப்படித்தான் என்று, புனித யோவானைப் பற்றி வழங்கிவந்த ஒரு பழங்கதையை எடுத்துச் சொல்கிறார். தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாக இருப்பது குறை என்று கூடச் சொல்கிறார். அவர் யாரிடமிருந்தெல்லாம் கற்றார் என்பதும் கவனிக்க வேண்டியது. கிரேக்கத் தத்துவ அறிஞர் அரிஸ்டாட்டில் கிறிஸ்துவுக்கு முந்தியவர். அவருடைய நூல்களுக்கு உரை எழுதிய அவெரோஸ் இஸ்லாமியர். அவெரோஸோடு பல இடங்களில் மோதினாலும், 'உரையாசிரியர்' என்ற மரியாதைப் பெயரால்தான் தோமா அவரைக் குறிப்பிடுகிறார்.

சினிமாவும் அப்படித்தான். 1995-இல், சினிமாவின் நூற்றாண்டை ஒட்டி, வத்திக்கான் 45 சிறந்த படங்களைப் பட்டியலிட்டது. அதில் 'காந்தி' படமும் இருக்கிறது. ஓர் இந்துவின் வாழ்க்கை, நற்பண்புகளுக்கான வரிசையில்.

அப்படியானால் எதையும் பார்க்கலாமா என்றால், இல்லை. ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். நாம் பெரும்பாலும் 'எடுத்தவர் யார், நடித்தவர் என்ன மதம்' என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது, 'இது என்னை என்ன செய்கிறது?' பார்த்து முடித்தபின் என் பேச்சு கரடுமுரடாகிறதா? பெண்களை, ஆண்களை, உடலாக மட்டும் பார்க்கத் தொடங்குகிறேனா? அடுத்தவர் வேதனை எனக்கு வேடிக்கையாகிறதா? கலைஞர் நம் கோயிலுக்கே வருகிறவராக இருந்தாலும், இதற்கெல்லாம் ஆம் என்று பதில் வந்தால் அதை நிறுத்திவிடுவதுதான் நல்லது. கதையில் பாவம் வருகிறதே என்று மட்டும் ஒதுக்கவும் முடியாது. தாவீது அரசர் தன் படைவீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனையும் சாகவைத்த கொடுமையைத் திருவிவிலியம் மறைக்கவில்லையே! தீமையைக் காட்டுவது மனிதரை ஆழமாகப் புரிந்துகொள்ள உதவக்கூடும், ஆனால் வரம்போடு காட்ட வேண்டும் என்று 1963-இல் சமூகத் தொடர்பு பற்றி அதே வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடும் சொல்கிறது.

புனித பசிலியார் 4-ஆம் நூற்றாண்டில், பிற மதக் கவிஞர்களைப் படிக்கும் இளைஞர்களுக்குத் தேனீயைக் காட்டினார். அது எல்லாப் பூவிலும் உட்காருவதில்லை. உட்கார்ந்த பூவையும் முழுசாகத் தூக்கிக்கொண்டு போவதில்லை. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. செல்போனைத் திறந்தால் அடுத்தடுத்து வந்து விழுகிற காணொளிகளுக்கு நடுவே, எனக்கு இதைவிட உதவிய அறிவுரை வேறில்லை.

ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். ராசிபலன் சும்மா பொழுதுபோக்குதானே என்று பலர் சொல்வார்கள். எதிர்காலத்தைத் தெரிந்துகொள்ளும் முயற்சியாகத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அதை விலக்கச் சொல்கிறது; விளையாட்டாகத் தொடங்கி, நாள் பார்க்காமல் கிளம்ப முடியாத நிலைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அபிமானம் ஆராதனையாவது. நமக்குப் பிடித்த நடிகரையோ வீரரையோ யாராவது ஒரு வார்த்தை குறையாகச் சொன்னால் நட்பையே முறிக்கத் தோன்றுகிறதா? ஜெபத்துக்கு இல்லாத நேரம் அவருக்கு மட்டும் கிடைக்கிறதா? அங்கேதான், கடவுளைத் தவிர வேறு தெய்வம் கூடாது என்கிற முதல் கட்டளை இடிக்கிறது. அவர் கத்தோலிக்கராகவே இருந்தாலும் இடிக்கும்.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன். "அவர்கிட்ட உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "தோத்தா எதிர் டீம்காரங்ககிட்ட முதல்ல போய்க் கை கொடுப்பாரு. அப்புறம்தான் அழுவாரு" என்றான். கிழிக்க வேண்டாம் என்றேன். நோட்டை மூடியவன், மறுபடி திறந்தான். "அவருக்கு முழங்கால்ல அடிபட்டிருக்கு டீச்சர். அவருக்காக வேண்டிக்கலாமா?"

அடுத்த ஞாயிறு எங்கள் வகுப்பு மன்றாட்டில், நோயுற்ற ஒரு பாட்டிக்கும் தேர்வு எழுதும் அக்காமார்களுக்கும் அடுத்தபடியாக, அந்தப் பெயரை அவனே வாசித்தான்.