ஏ பக்கமா, பி பக்கமா?

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம். தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்றிலிருந்து இந்த உரையைத் தொடங்குகிறேன். கல்லூரி நாட்களில் என் நெருங்கிய நண்பர் எனக்காகப் பதிவு செய்து கொடுத்த கேசட் அது. அதன் ஏ பக்கத்தில் பிரிட்டனைச் சேர்ந்த ராக் இசைக்குழுவான பிங்க் ஃப்ளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்', பி பக்கத்தில் அதே குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்'. முதல் ஆல்பம் ஏறத்தாழ 43 நிமிடம், அடுத்தது ஏறத்தாழ 44 நிமிடம். பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் அந்த நாடாவில் இரண்டும் அளவெடுத்துத் தைத்தது போல அடங்கிவிட்டன. ஒரு பக்கம் முடிந்ததும் பொத்தான் 'டக்'கென்று மேலே எழும்பும். கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். அப்படித் திருப்பிப் போட்ட ஒரு பொழுதில்தான், இவற்றில் எது உயர்ந்தது என்ற வாதம் எங்களுக்குள் பிறந்தது. நண்பர் ஏ பக்கம், நான் பி பக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வாதம் முடியவில்லை.

உலகெங்கும் இந்தக் குழுவின் ரசிகர்கள் இதே இரண்டு ஆல்பங்களைத் தராசுத் தட்டுகளில் வைத்து நிறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1973 மார்ச்சில் வந்தது ஒன்று, 1975 செப்டம்பரில் வந்தது மற்றொன்று. பாடி வாசித்தவர்கள் அதே நால்வர்: ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன். பதிவான இடமும் லண்டனின் அதே ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடம். இவ்வளவு ஒற்றுமை இருப்பதால்தான் வேற்றுமையைப் பற்றிப் பேச இவ்வளவு இருக்கிறது.

விற்பனைக் கணக்கை முதலிலேயே ஒதுக்கிவிட விரும்புகிறேன். என் நண்பர் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவார். 'டார்க் சைட்' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1973 முதல் 1988 வரை 741 வாரங்கள் இடம்பெற்றது என்பார். உண்மைதான். அது வெளியான காலத்தில் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரைதான் ஏறியது என்பதையும், 'விஷ் யூ' பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடத்தைப் பிடித்தது என்பதையும் நான் பதிலுக்கு எடுத்துவிடுவேன். இப்படி எண்களை மாறிமாறி வீசிக்கொண்டே பல மாலைகளைக் கழித்திருக்கிறோம். அந்த மாலைகளில் ஒரு பாட்டைக்கூட நாங்கள் முழுதாகக் கேட்கவில்லை என்பது பின்னாளில்தான் எனக்கு உறைத்தது.

ஆல்பம் என்பது முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஒரே மூச்சில் கேட்க வேண்டிய பொருள். தனித்தனிப் பாட்டுகளை எண்ணி, உன்னிடம் பத்து, என்னிடம் ஐந்து என்று கணக்கிடுவது, ஒரு நாவலின் அத்தியாயங்களை எண்ணி அதன் தரத்தைச் சொல்வதற்குச் சமம். எந்தப் பாட்டுக்குப் பின் எது வருகிறது, எங்கே ஓசை தேய்கிறது, எங்கே மௌனம் விழுகிறது என்பதெல்லாம் படைப்பின் பகுதியே. இதை நான் மறுபடியும் சொல்வேன்; ஏனென்றால் என் தீர்ப்பு முழுவதும் இதன் மீதுதான் நிற்கிறது.

அந்த அளவுகோலில் 'டார்க் சைட்' எப்படிப்பட்டது? இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிறது. நேரம், பணம், சாவு, சித்தம் கலங்குதல் என்று எவர் வாழ்க்கையையும் அழுத்துகிற பாரங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு, தையல் தெரியாமல் ஒன்றோடொன்று கோக்கிறது. பணத்தைப் பற்றிய 'மனி' (Money) பாட்டில் காசு குலுங்குவதும் கல்லாப்பெட்டி திறப்பதும் சேர்ந்த ஓசைச் சுழற்சியைக் கேட்டிருப்பீர்கள். அடுத்த முறை கேட்கும்போது 'தகிட தகதிமி' என்று விரலால் தட்டிப் பாருங்கள், ஏழு எண்ணிக்கையில் அது நடப்பது புரியும். கிட்டார் தனியாகப் பாயும் இடத்தில் மட்டும் நான்குக்கு மாறும். ஆல்பம் இவ்வளவு பிசிறில்லாமல் அமைந்ததற்குக் காரணம் உண்டு. பதிவுக்கூடத்துக்குள் நுழைவதற்கு முன்பே, 1972 ஜனவரி முதல், இந்த வரிசையை அவர்கள் மேடைகளில் வாசித்து வந்தார்கள். கேட்பவர்களின் எதிரில் மாதக்கணக்கில் உரசி உரசி மெருகேறிய பொருள் அது.

மேடையில் கிடைக்காத ஒன்று பதிவுக்கூடத்தில் கிடைத்தது. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளேர் டோரி என்ற இளம் பாடகியை வரவழைத்தார்கள். சாவைக் குறித்த 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' என்ற உருப்படியில் அவர் பாட வார்த்தைகளே கிடையாது. ரிச்சர்ட் ரைட்டின் பியானோவுக்கு மேல் என்ன தோன்றுகிறதோ அதைப் பாடச் சொன்னார்கள். தன் குரலையே ஓர் இசைக்கருவியாக எண்ணிக்கொண்டு அவர் பாடினார். ஓலமாகத் தொடங்கி, கெஞ்சலாகத் தணிந்து, கடைசியில் மூச்சுக்காற்றாகவே கரைகிற குரல் அது. பாடி முடித்தபோது, மிகையாகிவிட்டதோ என்று அவருக்கே கூச்சம் வந்துவிட்டது. 30 பவுண்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். ஆல்பம் கடைக்கு வந்து, உறையில் தம் பெயரைக் கண்ட பிறகுதான், பாடியதை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதே அவருக்குத் தெரிந்தது. 2004-இல் அவர் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டில் சமரசம் ஏற்பட்டு, இசையமைப்பில் ரைட்டுடன் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்த நியாயம் என்றுதான் இதை நான் கருதுகிறேன். 'டார்க் சைட்' உயர்ந்தது என்று யாராவது என்னிடம் சாதித்தால், இந்த நான்கே முக்கால் நிமிடத்துக்கு எதிராக நான் வாய் திறப்பதில்லை.

ஆனால் எங்கள் கேசட்டில் ஒரு குறை இருந்தது. அதை நான் வெகுநாள் கழித்தே அறிந்தேன். இசைத்தட்டில் கிளேர் டோரியின் குரல் கரைந்ததும் முதல் பக்கம் முடிந்துவிடுகிறது. கேட்பவர் எழுந்து சென்று தட்டைத் திருப்ப வேண்டும். அதுவரை அறையில் ஓசையே இருக்காது. அந்த மௌனத்துக்குப் பிறகுதான் காசு குலுங்கும். கேசட்டிலோ, சாவின் பாட்டு ஓய்ந்த கையோடு கல்லாப்பெட்டி திறந்துகொண்டது. இசைத்தட்டில் முதன்முறையாகக் கேட்டபோது, தட்டை இரு உள்ளங்கைகளுக்கு இடையே விளிம்பில் பிடித்தபடி சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டேன். மௌனமும் படைப்பின் பகுதி என்று சற்று முன் சொன்னேன் அல்லவா, அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நிற்றல்தான். அன்றிரவே நண்பரை அழைத்து, உன் ஆல்பம் நீ நினைப்பதைவிடச் சிறந்தது என்று சொன்னேன். அவர் அதை இன்றுவரை என் தோல்வியாகவே எண்ணி வருகிறார்.

இனி பி பக்கத்துக்கு வருகிறேன். 'டார்க் சைட்' பெற்ற பெருவெற்றிக்குப் பிறகு, அடுத்து என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இசைக்கருவிகளையே விட்டுவிட்டு, ரப்பர் வளையங்கள், ஒயின் கிண்ணங்கள் போன்ற வீட்டுச் சாமான்களைக் கொண்டு ஓர் ஆல்பம் செய்து பார்த்து, அதைப் பாதியில் கைவிட்டார்கள். அந்த முயற்சியில் மிஞ்சிய கிண்ண ஒலிகள்தான் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாட்டின் தொடக்கத்தில் மெல்லிய பனிப்படலம் போலப் பரவியிருக்கின்றன. அதன் மேல், தயங்கித் தயங்கி, கில்மோரின் கிட்டாரிலிருந்து நான்கு சுரங்கள் விழுகின்றன. நான்கே நான்கு. கில்மோர் அதைத் தற்செயலாக வாசித்துக்கொண்டிருந்தபோது கேட்ட வாட்டர்ஸுக்கு, குழுவை விட்டுப் போய்விட்ட பழைய தோழர் ஒருவரின் நினைவு வந்தது. அவர் சிட் பாரெட். குழுவுக்குப் பெயர் வைத்தவர், தொடக்கக் காலப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர், மனநலம் குலைந்து 1968-இல் குழுவிலிருந்து விலக நேர்ந்தவர்.

எது சிறந்த ஆல்பம் என்ற சண்டையை ரசிகர்கள்தான் போடுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். குழுவுக்குள்ளேயே அது நடந்தது. 1974-இல் அவர்களிடம் மூன்று நீண்ட பாட்டுகள் இருந்தன. அவற்றை மேடைகளில் வாசித்தும் வந்தார்கள். அந்த மூன்றையும் அப்படியே பதிவு செய்துவிடலாம் என்பது கில்மோரின் எண்ணம். 'ஷைன் ஆன்' பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் நிறுத்தி, இடையில் புதிய பாட்டுகளை எழுதலாம் என்றார் வாட்டர்ஸ். வாக்கெடுப்பில் கில்மோர் தனித்துவிடப்பட்டார். அவர் பக்கம் வென்றிருந்தால் 'விஷ் யூ வேர் ஹியர்' என்ற பாட்டே இருந்திருக்காது. "நான்கு பாட்டு, அதிலும் ஒன்றை வெட்டி இரண்டாகப் போட்டிருக்கிறார்கள்" என்று நண்பர் குறைப்படும் அதே அமைப்பைத்தான் நான் இந்த ஆல்பத்தின் உயிர் என்கிறேன். ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். பதின்மூன்றரை நிமிடத்துக்குப் பிறகு பேச்சு அறுபடுகிறது. இசை வணிகத்தின் இயந்திர இரைச்சல் நடுவில் புகுந்துகொள்கிறது. எல்லாம் ஓய்ந்த பின் அதே மனிதரிடம் திரும்பி வருகிறார்கள், அவரோ இன்னும் வரவில்லை.

வந்தார் என்பதுதான் நெஞ்சைப் பிசைகிற செய்தி. 1975 ஜூன் மாதம், 'ஷைன் ஆன்' பாட்டின் இறுதி ஒலிக்கலவை வேலை நடந்துகொண்டிருந்தபோது, உடல் பருத்து, தலையும் புருவமும் மழித்த ஒருவர் பதிவுக்கூடத்துக்குள் வந்து நின்றார். யார் இவர் என்று அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. கூடத்தின் ஊழியராக இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். நேரம் சென்ற பிறகே ஒவ்வொருவருக்காக அது சிட் பாரெட் என்று புரிந்தது. எவரைக் குறித்து அந்தப் பாட்டோ அவரையே, அந்தப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்த அறையில், அவருடைய தோழர்களால் அடையாளம் காண முடியவில்லை. வாட்டர்ஸ் கண்ணீர் விட்டார் என்று உடனிருந்தவர்கள் பின்னர் கூறியிருக்கிறார்கள். இந்தச் செய்தி தெரியாமலேயே பல ஆண்டுகள் அந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்ற உணர்வு அப்போதும் எனக்கு இருந்தது. செய்தியால் கிடைத்த உருக்கத்தை இசையின் மேல் ஏற்றுகிறாய் என்று நண்பர் சொல்வதை ஆகவேதான் நான் ஏற்பதில்லை.

தலைப்புப் பாட்டின் தொடக்கத்தை மட்டும் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். வானொலியில் பேசும்போது அதைச் சொல்லாமல் விடக்கூடாது. முதலில் கேட்பது ஒரு வானொலிப் பெட்டி. யாரோ குமிழைத் திருகி நிலையம் மாற்றுகிறார்கள்; பேச்சு வருகிறது, இரைச்சல் வருகிறது, சாய்க்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனி ஒரு கணம் வந்து மறைகிறது. கில்மோரின் கார் வானொலியிலிருந்தே பதிவு செய்த ஒலிகள் அவை. பிறகு ஒரு கிட்டார், தகரத்துக்குள்ளிருந்து வருவது போல மெலிந்து, அந்த வானொலியிலேயே ஒலிக்கிறது. அப்போது, உங்கள் அறைக்குள் உங்கள் அருகிலேயே ஒருவர் இருமுகிறார், மூச்சை இழுக்கிறார், தம் கிட்டாரை எடுத்து வானொலியோடு சேர்ந்து வாசிக்கிறார். தொலைவில் இருக்கும் கிட்டார் ஒன்று, பக்கத்தில் இருக்கும் கிட்டார் ஒன்று. ஒருவர் இல்லாததைப் பற்றி ஒரு சொல்லும் பாடப்படுவதற்கு முன்பே, இரண்டு கிட்டார்களுக்கு இடையிலுள்ள தூரம் அதைச் சொல்லிவிடுகிறது. 'டார்க் சைட்' முழுவதிலும் இதற்கு நிகரான ஓர் இடத்தை நான் காணவில்லை.

'விஷ் யூ' குறையற்றது என்று நான் சொல்லவில்லை. குழுவைச் சேராத பாடகர் ராய் ஹார்ப்பர் வந்து பாடிக்கொடுத்த 'ஹாவ் எ சிகார்' எனக்கு எப்போதும் சற்றுத் தட்டையாகவே ஒலிக்கிறது. அடுக்கின் நேர்த்தியில் 'டார்க் சைட்' ஒரு படி மேல்தான். அந்த நேர்த்தியை நான் வியக்கிறேன். மற்றதிடம் திரும்பத் திரும்பப் போகிறேன். கில்மோரும் ரைட்டும்கூடத் தங்களுக்குப் பிடித்தது 'விஷ் யூ' என்றே சொல்லியிருக்கிறார்கள். இதை நண்பரிடம் சொன்னபோது, படைத்தவர் தீர்ப்பு செல்லாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நிலையத்தார் நேரம் நெருங்குவதாகச் சைகை காட்டுகிறார்கள். மூன்றாவது தரப்பார் சிலரும் இப்போது கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1977-இல் வந்த 'அனிமல்ஸ்' ஆல்பத்தை இந்த இரண்டுக்கும் மேலாக வைப்பவர்கள். அவர்களுக்காகவும் குறிப்பு எடுத்து வந்திருந்தேன். கில்மோர் வாக்கெடுப்பில் இழந்த அந்த இரண்டு நீண்ட பாட்டுகளும் வேறு பெயர்களில் அதில்தான் மீண்டும் வந்தன என்பதையும், அதிலுள்ள 'டாக்ஸ்' பதினேழு நிமிடம் ஓடுகிறது என்பதையும் மட்டும் இப்போது சொல்ல முடிகிறது. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் அதற்கு இடமில்லாமல் போனதால் நான் அதைக் காலம் கடந்துதான் கேட்டேன். வணக்கம்.