கடை நடத்திய கவிஞர்: ஃபெர்லிங்கெட்டி பற்றி ஒரு நேயரின் சந்தேகம்

வணக்கம். 1950களில் அமெரிக்காவில் மரபை மீறி எழுதிய பீட் தலைமுறைக் கவிஞர்களைப் பற்றிய போன உரையில் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு ஆலன் கின்ஸ்பெர்கிடம் போய்விட்டேன். மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அதைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்: "ஃபெர்லிங்கெட்டியைக் கவிஞர் என்று சொல்வதா, பதிப்பாளர் என்று சொல்வதா? கின்ஸ்பெர்கின் புத்தகத்தைப் போடாமல் இருந்திருந்தால் அவரை யாருக்காவது தெரிந்திருக்குமா? கடையும் பதிப்பகமும் நடத்தியதில் அவருடைய சொந்தக் கவிதை அடிபட்டுப் போகவில்லையா?"

நல்ல கேள்விகள். நடுவில் இருக்கும் கேள்விதான் என்னை நாலைந்து நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கின்ஸ்பெர்கின் 'ஹவுல்' கவிதைப் புத்தகத்தைப் போட்டவர், அதற்காக ஆபாச வழக்கைச் சந்தித்தவர், அவ்வளவுதான் என்று.

அதை முதலில் பார்த்துவிடலாம். 'ஹவுல்' வந்தது 1956-ல். 1958-ல் ஃபெர்லிங்கெட்டியின் 'எ கோனி ஐலண்ட் ஆஃப் தி மைண்ட்' வந்தது. அந்தக் கவிதைத் தொகுப்பு இதுவரை பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. கவிதைப் புத்தகம்! வழக்கினால் அவர் பெயர் வெளியே தெரிந்தது உண்மை. ஆனால் ஒரு வழக்கின் பரபரப்பு ஐம்பது அறுபது வருடம் ஒரு கவிதைப் புத்தகத்தை விற்றுக் கொடுக்காது. அதைப் படித்தவர்கள் அடுத்தவர் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், அதனால் விற்றது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தொகுப்பை அவர் தன் சொந்தப் பதிப்பகமான சிட்டி லைட்ஸில் போடவில்லை. நியூ டைரக்‌ஷன்ஸ் என்ற பதிப்பகத்துக்குக் கொடுத்தார். அதை நடத்திய ஜேம்ஸ் லாஃப்லினும் ஒரு கவிஞர். கையில் சொந்தமாக ஒரு பதிப்பகம் இருக்கிறது, கடை இருக்கிறது, விற்பனை தெரியும். இருந்தும் தன்னுடைய புத்தகத்தை இன்னொருவர் படித்து, ஏற்றுக்கொண்டு, வெளியிட வேண்டும் என்று விட்டிருக்கிறார். அவருடைய பாக்கெட் பொயட்ஸ் வரிசையின் முதல் புத்தகம், 1955-ல் வந்தது, அவருடைய கவிதைகள்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த வரிசையைப் பெரும்பாலும் மற்றவர்களுக்கே திறந்துவிட்டார். கென்னத் ரெக்ஸ்ராத் மொழிபெயர்த்த ஸ்பானியக் கவிதைகள், கென்னத் பேட்சன், நான்காவதாகக் கின்ஸ்பெர்க், அப்புறம் மேரி பான்சாட், டெனிஸ் லெவர்டாவ், கிரகரி கோர்சோ, ஃபிராங்க் ஓஹாரா. இவர்களில் பாதிப் பேரை பீட் கவிஞர் என்றே சொல்ல முடியாது. ஃபெர்லிங்கெட்டியும் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். பழைய நேயர்களுக்குத் தெரியும், எந்தப் பதிப்பாளரைப் பற்றிப் பேசினாலும் நான் "அவர் எதில் சாப்பிட்டார்?", அதாவது பிழைப்புக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். இங்கேயும் அதைத்தான் கேட்கிறேன்.

1953. சான் பிரான்சிஸ்கோவில் நார்த் பீச் என்று இத்தாலியர்கள் நிறைய வாழ்ந்த பகுதி. கொலம்பஸ் அவென்யூ வழியாக ஃபெர்லிங்கெட்டி வருகிறார். அவர் ஓவியரும்கூட, வரைந்துவிட்டுத் திரும்புகிறார். அங்கே ஒருவர் கடைப் பலகை மாட்டிக்கொண்டிருக்கிறார். பீட்டர் மார்ட்டின், 'சிட்டி லைட்ஸ்' என்று சிறுபத்திரிகை நடத்தியவர். சாப்ளின் படத்தின் பெயரைத்தான் பத்திரிகைக்கு வைத்திருந்தார். பத்திரிகைக்குக் காசு வேண்டும், அதற்காகக் கீழே ஒரு புத்தகக் கடை போடலாம் என்பது அவருடைய யோசனை. இருவரும் ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள். அதே பெயரில் கடை தொடங்கிவிட்டது. இரண்டு வருடத்தில் மார்ட்டின் தன் பங்கை 1,000 டாலருக்குக் கொடுத்துவிட்டு நியூயார்க் போய்விட்டார்.

அந்தக் கடையில் என்ன புதுமை என்றால், முழுக்க முழுக்கக் காகித அட்டைப் புத்தகங்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அவற்றைப் பெரிய புத்தகக் கடைகள் புத்தகமாகவே மதிக்கவில்லை. மருந்துக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் சுழலும் கம்பித் தட்டில் வைத்து விற்பார்கள். இவர்கள் அதை மட்டும் வைத்து ஒரு கடை நடத்தினார்கள். நள்ளிரவு வரை திறந்து வைத்தார்கள். வந்தவர் உட்கார்ந்து படிக்கலாம், வாங்காமலே போகலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். 'ஹவுல்' முதலில் வந்தபோது விலை 75 சென்ட். சட்டைப் பையில் வைக்கிற அளவு. வேலைக்குப் போகிறவன் வாங்கக்கூடிய விலை.

பதிப்பகத்தைத் தாங்கியது இந்தக் கடை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கவிதைப் புத்தகம் விற்றுத்தான் அடுத்த மாத வாடகை என்ற நிலை இருந்தால், என்ன விற்கும் என்று பார்த்துத்தான் கவிதையைத் தேர்ந்தெடுப்போம். அவருக்குக் கடையில் தினமும் காசு புழங்கியது. அதனால் பெயர் தெரியாத கவிஞரின் ஆயிரம் பிரதியை அச்சடித்துவிட்டு, அது விற்கிற வரை பொறுமையாக இருக்க முடிந்தது. தம்பி, நீங்களும் பதிப்பகம் தொடங்குகிற எண்ணத்தில்தான் கேட்கிறீர்களோ என்று தோன்றுகிறது. அப்படியானால் கவிதையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

மூன்றாவது கேள்வி, கடையினால் கவிதை அடிபட்டதா என்பது. என் கணக்கில் கடைதான் அவருக்குக் கவிதையைக் கொடுத்தது. அவருடைய 'நாய்' என்ற கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாய் தெருவில் தன் போக்கில் ஓடுகிறது. கண்ணில் படுவதையெல்லாம் பார்க்கிறது. இறைச்சிச் சந்தை, ராவியோலி செய்யும் தொழிற்சாலை, காய்ட் கோபுரம், போலீஸ்காரர். எல்லாம் அந்தப் பகுதியில் இருப்பவைதான். நடுவில் அந்த நாய், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் டாயிலைக் கண்டு பயப்படவில்லை என்று ஒரு இடம் வருகிறது. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம் அது. கடை வாசலில் நின்று தெருவைத் தினமும் பார்க்கிறவர் எழுதிய கவிதை. பல்கலைக்கழக அறைக்குள் இருந்திருந்தால் இது வந்திருக்காது. அவர் சோர்போனில் முனைவர் பட்டம் வாங்கியவர், பேராசிரியர் வேலைக்குப் போயிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்று சொல்லிக்கொள்கிறேன், அவர் வாழ்க்கை மிகவும் சிதறலாகத் தொடங்கியது. 1919-ல் நியூயார்க் பக்கத்தில் யாங்கர்ஸில் பிறந்தார். இவர் பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மாவை மனநோய் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. எமிலி என்ற உறவுக்காரப் பெண்மணி குழந்தையைப் பிரான்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார். அதனால் முதலில் பேசியது பிரெஞ்சு. திரும்பி வந்த பிறகு சில காலம் அனாதை விடுதி, அப்புறம் வேறொரு குடும்பத்தின் வீடு. போர்க் காலத்தில் கடற்படையில் இருந்தார், நார்மண்டி தரையிறக்கத்தில் பங்கெடுத்தார். அணுகுண்டு விழுந்து சில வாரங்களில் நாகசாகியைப் போய்ப் பார்த்தார். அந்த ஒரு நாள்தான் தன்னைப் போர் எதிர்ப்பாளன் ஆக்கியது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே போர்க் காலத்தில் பிரான்ஸில் ஓர் இடத்தில் காகித மேசைவிரிப்பில் யாரோ எழுதி வைத்திருந்த கவிதையைப் படித்திருக்கிறார். பிரெஞ்சுக் கவிஞர் ழாக் பிரெவெர் எழுதியது. பல வருடம் கழித்து பிரெவெரை அவரே மொழிபெயர்த்து 1958-ல் தன் வரிசையில் போட்டார். ஒரு பதிப்பாளர் அடுத்தவர் கவிதையை எவ்வளவு நாள் மனதில் வைத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1955 அக்டோபர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவின் சிக்ஸ் கேலரி என்ற ஓவியக் கூடத்தில் கின்ஸ்பெர்க் 'ஹவுல்' வாசித்தார். கேட்டுவிட்டு வந்த ஃபெர்லிங்கெட்டி அவருக்குத் தந்தி கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். நூறு வருடம் முன்னால் அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் கவிஞர் விட்மனுக்கு எழுதிய வாழ்த்தை அப்படியே எடுத்து, கூடவே கையெழுத்துப் பிரதி எப்போது கிடைக்கும் என்று ஒரு வரி சேர்த்தார். நண்பராக மட்டும் இருந்திருந்தால் வாழ்த்தோடு முடிந்திருக்கும். புத்தகம் இங்கிலாந்தில் அச்சாகி வந்தது. அச்சுக்குப் போகும் முன்பே சட்டச் சிக்கல் வரும் என்று குடிமக்கள் உரிமைகளுக்காக வாதாடும் அமெரிக்கச் சங்கமான ஏ.சி.எல்.யு.விடம் பேசி வைத்திருந்தார். 1957 மார்ச்சில் சுங்கத் துறை 520 பிரதிகளைப் பறிமுதல் செய்தது. அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுத்ததால் விட்டுவிட்டார்கள். ஜூன் மாதம் உள்ளூர் போலீஸ் மாறுவேடத்தில் கடைக்கு வந்து புத்தகத்தை வாங்கியது.

இங்கேதான் நான் நிற்க விரும்புகிறேன். நீங்கள் கேட்காத ஒரு கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன்: அன்று கைதானது யார்?

ஃபெர்லிங்கெட்டி அன்று ஊரில் இல்லை, பிக் சர் என்ற கலிஃபோர்னியக் கடற்கரைப் பக்கம் போயிருந்தார். கல்லாவில் இருந்தவர் ஷிக் முராவ். புத்தகத்தை விற்றது அவர், அவரைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். ஃபெர்லிங்கெட்டி பிறகு வந்து தானே சரணடைந்தார். முராவ் சியாட்டிலில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்பதாலேயே, அவருடைய குடும்பத்தை ஐடஹோவில் மினிடோகா முகாமில் அடைத்தார்கள். சொந்த நாட்டு அரசாங்கம் ஒருமுறை முள்வேலிக்குள் வைத்த மனிதர், இன்னொருவர் எழுதி வேறொருவர் பதிப்பித்த கவிதைக்காக மறுபடி போலீஸ் காவலுக்குப் போகிறார். கடை தொடங்கிய புதிதில் சில வாரம் சம்பளமே வாங்காமல் வேலை செய்தவர் அவர். அப்புறம் கடையின் மேலாளரே ஆனார். அங்கே உட்கார்ந்து படித்தவர்கள் பலருக்கு சிட்டி லைட்ஸ் என்றால் முராவின் முகம்தான்.

அக்டோபர் 3 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி கிளேட்டன் ஹார்ன், ஞாயிறு பள்ளியில் பைபிள் சொல்லிக் கொடுக்கிறவர். கடையில் திருடிய பெண்கள் சிலருக்கு பைபிள் கதைப் படம் பார்த்துக் கட்டுரை எழுதச் சொல்லித் தண்டனை கொடுத்தவர். அவரா இந்தக் கவிதையைப் புரிந்துகொள்ளப் போகிறார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் பொறுமையாகப் படித்தார், சாட்சி சொன்ன இலக்கியப் பேராசிரியர்களைக் கேட்டார், சமூகத்துக்குச் சொல்ல ஏதாவது இருக்கிற எழுத்தை ஆபாசம் என்று தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். முராவ் மீதான குற்றச்சாட்டு அதற்கு முன்பே தள்ளுபடியாகியிருந்தது.

1970களின் நடுவில் முராவுக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பின் கடையைவிட்டு விலகினார். ஃபெர்லிங்கெட்டியோடு இருந்த நட்பும் முறிந்துபோனது. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஃபெர்லிங்கெட்டியை நான் மிகவும் மதிக்கிறேன். 2012-ல் ஹங்கேரி அரசின் பணம் கலந்திருக்கிறது என்று 50,000 யூரோ பரிசையே வேண்டாம் என்றவர். 101 வயது வரை வாழ்ந்து 2021 பிப்ரவரியில் இறந்தார். அதற்கு முந்தைய வருடம் கொரோனாவில் கடை மூடும் நிலை வந்தபோது, வாசகர்கள் சில நாட்களில் பல லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். இவ்வளவு இருந்தும், அந்தக் கடையை எழுப்பியதில் முராவுக்கு உள்ள பங்கை அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு.

அதனால் கவிஞரா, பதிப்பாளரா என்ற கேள்விக்கு என் பதில், இரண்டும்தான், ஒன்றை ஒன்று கெடுக்கவில்லை. தொகுப்பில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். 'நாய்' முதலில். அடுத்து 'காத்திருக்கிறேன்' என்று ஒரு நீண்ட கவிதை இருக்கிறது, ஜாஸ் இசையோடு வாசிக்கவென்று எழுதியது, அதை வாய்விட்டுப் படியுங்கள். ஸ்பானிய ஓவியர் கோயாவின் ஓவியங்களைப் பற்றிய முதல் கவிதையைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், ஓவியங்களைப் பார்த்துவிட்டுப் படித்தால் நன்றாகப் பிடிபடும். சரி, அடுத்த கேள்வி தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறது, அதை அடுத்த வாரம் பார்ப்போம்.