'என்னைப் பற்றி' என்ன எழுதுவது? நன்னூல்காரரிடம் கேட்போம்

வணக்கம் மக்களே. தலைப்பைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமில் பயோ, லிங்க்ட்இன்னில் அபவுட், சொந்தமாக வெப்சைட் இருந்தால் அதில் 'என்னைப் பற்றி'. பெயர் எதுவானாலும் அந்த இடத்துக்கு வேலை ஒன்றுதான். முன்பின் தெரியாத ஒருவர் வந்து நிற்கிறார். நீங்கள் யார், என்ன செய்வீர்கள், அவர் வந்த காரியம் உங்களால் ஆகுமா? இதைத் தெரிந்துகொண்டு போகத்தான் வந்திருக்கிறார்.

நம்மவர்கள் அங்கே எழுதுவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கூச்ச வகை. "பெரிதாகச் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை, உங்களில் ஒருவன்." இன்னொன்று, பட்டிமன்ற நடுவரை மேடைக்கு அழைக்கிற மாதிரி. "பன்முக வித்தகர், சாதனைச் செம்மல், எண்ணற்ற விருதுகளுக்குச் சொந்தக்காரர்." எண்ணற்ற என்றால் எத்தனை என்று கேட்டால் பதில் வராது. முதல் வகையைப் படித்தாலும் இரண்டாம் வகையைப் படித்தாலும் அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்று கடைசி வரை தெரியாது. அந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

முதலில் கூச்சத்தைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் என்னிடம் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் தடை. "நம்மைப் பற்றி நாமே எழுதினால் பீற்றிக்கொள்கிற மாதிரி இருக்காதா?" இந்தக் கேள்விக்கு 13ஆம் நூற்றாண்டிலேயே பதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நன்னூல் என்று ஒரு இலக்கணம் படித்தோம் அல்லவா? பவணந்தி முனிவர் எழுதியது. அதன் தொடக்கத்தில் பாயிரம் என்று ஒரு பகுதி. ஒரு நூலுக்கு முன்னுரை எப்படி எழுதுவது, அதில் நூலாசிரியரைப் பற்றி என்ன சொல்வது, யார் சொல்வது என்றெல்லாம் அதில் விதி போட்டிருக்கிறார்.

அதில் ஒரு விதி, எவ்வளவு பெரிய நூல்களை எழுதி முடித்தவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறது. நம் கூச்சக்காரர்கள் இங்கேயே மூட்டையைக் கட்டிவிடுவார்கள். கொஞ்சம் இருங்கள், அடுத்த விதியைப் படியுங்கள். நான்கு இடத்தில் தன்னைப் புகழலாம் என்று அவரே விலக்கும் கொடுக்கிறார். அரசன் அவைக்கு ஓலை அனுப்பும்போது. தன் திறமை தெரியாதவர்கள் நடுவில் இருக்கும்போது. அவையில் வாதாடி வெல்ல வேண்டிய நேரத்தில். எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது. "தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே" என்று முடிக்கிறார்.

இரண்டாவதைக் கவனியுங்கள். உங்கள் திறமை தெரியாதவர்கள் நடுவில். உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் யார்? அவரேதான்! தெரிந்தவர்கள் உங்கள் பயோவைப் படிக்கவே மாட்டார்கள், நேராக ஃபோன் போடுவார்கள். முதலாவது இடமும் இன்றைக்குப் பொருந்தும். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறீர்கள் அல்லவா, அதுதான் ஓலை. அதனால் கூச்சப்பட இலக்கணத்தில்கூட இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்னதான் எழுதுவது? அதற்கும் அவரிடமே பட்டியல் இருக்கிறது. பாயிரம் எட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும்: ஆக்கியவர் பெயர், வந்த வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, எடுத்துக்கொண்ட பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்று இன்னும் மூன்றைச் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு என்கிறார். நமக்கு யாப்பு வேண்டாம், நூற்பெயர் கடைப்பெயராக இருந்துவிட்டுப் போகட்டும். மற்றதெல்லாம் அப்படியே உதவும்.

ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் இந்த மாதிரி ஆயிரம் பக்கம் பார்த்திருப்பீர்கள். கும்பகோணத்தில் கல்யாண பிளவுஸ் தைக்கிற ஒரு அக்கா. அவருடைய அறிமுகம் இப்போது இப்படி இருக்கிறது, திரையில் போடுகிறேன்:

"வணக்கம்! நான் ஒரு பேஷனேட் டிசைனர். சிறு வயது முதலே தையல் மீது தீராத ஆர்வம் கொண்டவள். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம். தரம், நேர்த்தி, நம்பிக்கை. பிரைஸ் டிஎம்."

பேஷன் எல்லோருக்கும் இருக்கிறது. வாடிக்கையாளர் அதிருப்தியே எங்கள் லட்சியம் என்று யாராவது போர்டு மாட்டுவார்களா? ஒரு வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் யாருமே சொல்ல மாட்டார்கள் என்றால், அதை நேராகச் சொல்வதிலும் பிரயோஜனம் இல்லை. அடித்துவிடுங்கள். இதே தையல்கார அக்காவின் வரிகளைத் தூக்கி ஒரு கேட்டரிங்காரர் பக்கத்தில் ஒட்டினால் 'டிசைனர்', 'தையல்' என்ற இரண்டு சொல்லை மாற்றினால் போதும், அப்படியே பொருந்தும். அப்படியானால் அதில் அக்கா எங்கே இருக்கிறார்?

'பிரைஸ் டிஎம்', அதாவது விலை தெரிய வேண்டுமென்றால் தனியாக மெசேஜ் அனுப்பு என்பது. அதைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு இதைக் கண்டாலே எரிச்சல். ஆரம்ப விலை என்று ஒன்று கட்டாயம் இருக்கும், அதை எழுதினால் என்ன? கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே நகர்ந்து போகிறவர்கள் நிறையப் பேர்.

இப்போது பட்டியலை வைத்து அக்காவிடம் கேட்போம். கேட்போர் யார்? அவருடைய அறிமுகத்தை யார் படிக்கப் போகிறார்கள்? கல்யாணப் பெண், இல்லாவிட்டால் பெண்ணின் அம்மா. அவர்கள் மனதில் என்ன ஓடும்? ஆரி வேலை என்கிற எம்ப்ராய்டரி நிஜமாகவே கையால் போடுவதா, மெஷினா? பட்டுத்துணியைக் கெடுத்துவிட மாட்டாரே? நாங்கள் கோயம்புத்தூரில் இருக்கிறோம், அளவு எப்படிக் கொடுப்பது? முகூர்த்தத்துக்குள் வந்துவிடுமா? இந்தக் கடைசிக் கேள்விதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. இதற்குப் பதில் எழுதியிருந்தால் 'நம்பிக்கை' என்று தனியாக எழுத வேண்டியதே இல்லை.

பாருங்கள், இப்படி மாற்றுகிறேன்:

"கும்பகோணத்தில் கல்யாண பிளவுஸ் தைக்கிறேன். ஆரி வேலை முழுக்கக் கையால் போடுவது, மெஷின் எம்ப்ராய்டரி இல்லை. தையல் அம்மாவிடம் கற்றது. 2014 முதல் இதே தொழில். வெளியூரில் இருப்பவர்கள் அளவு ஜாக்கெட்டையும் துணியையும் கூரியரில் அனுப்பலாம். முகூர்த்தத்துக்கு 30 நாள் முன்னால் துணி என் கைக்கு வந்துவிட வேண்டும். சுடிதார், யூனிஃபார்ம் எடுப்பதில்லை."

ஒரு இடத்தில்கூடத் தன்னைப் புகழவில்லை, பார்த்தீர்களா? ஆனால் படிக்கிறவருக்கு இந்த அக்கா கெட்டிக்காரர் என்று தோன்றிவிடும். 'அம்மாவிடம் கற்றது' என்பது வழி. 2014 காலம். கும்பகோணம் களம். கூரியர் விஷயம் எல்லை. தொல்காப்பியத்துக்கு எழுதிய பாயிரத்தில் வட வேங்கடம் தென் குமரி என்று முதல் வரியிலேயே எல்லை சொல்லியிருக்கிறதே, அதே கதைதான். எதுவரை உங்கள் சரக்கு போகும் என்று சொல்வது.

'சுடிதார் எடுப்பதில்லை' என்று எழுதச் சொன்னால் எல்லோரும் பயப்படுவார்கள். வருகிற வேலையை விரட்டுகிற மாதிரி இருக்கிறதே என்பார்கள். எனக்கு இந்த வரிதான் அந்தப் பத்தியிலேயே பிடித்தது. வேண்டாத ஃபோன் குறையும். அதைவிட, இவர் ஒரே வேலையைத்தான் செய்கிறார் என்று பெண்ணின் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நிமிடம், ஃபேன் சத்தம் மைக்கில் வருகிறது. நிறுத்திவிட்டேன். இனி வியர்க்க வியர்க்கத்தான் பேச வேண்டும்.

எதை விடுவது என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. தாமஸ் ஜெஃபர்சன். 1801 முதல் 1809 வரை அந்த நாட்டுக்கு ஜனாதிபதி. அதற்கு முன் துணை ஜனாதிபதி, வர்ஜீனியாவின் ஆளுநர், பிரான்ஸில் தூதர். தன் கல்லறையில் என்ன பொறிக்க வேண்டும் என்று அவரே எழுதி வைத்துவிட்டுத்தான் 1826இல் இறந்தார். மூன்றே விஷயம். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டத்தை எழுதியவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தந்தை. இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம் என்று குறிப்பு வேறு. ஜனாதிபதி பதவி பட்டியலிலேயே இல்லை. மக்கள் கொடுத்த பதவிகளை விட்டுவிட்டார், தான் உருவாக்கியதை வைத்துக்கொண்டார். நம் ஊரில் வார்டு கமிட்டியில் இணைச் செயலாளராக இருந்ததைக்கூட விட மனம் வராது.

ஆனால் ஒன்று, அவரைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை, கல்லறைக்கு வாடிக்கையாளரும் வரப்போவதில்லை. அதனால் எது தனக்குப் பெருமை என்று பார்த்து அவர் தேர்ந்தெடுத்தார். நீங்கள் வருகிறவருக்கு எது தேவை என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தங்க மெடல் வாங்கிய எம்.எஸ்சி. பட்டம் உங்களுக்குப் பெருமைதான். நீங்கள் கணக்கு டியூஷன் எடுப்பவர் என்றால் முதல் வரியிலேயே போடுங்கள். மாடித்தோட்டத்துக்கு நாற்று விற்பவர் என்றால் கடைசியில் போடுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

விருதும் அப்படித்தான். யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எதற்காக என்று மூன்றும் சொல்ல முடிகிற விருதை மட்டும் எழுதுங்கள். பொன்னாடையும் ஷீல்டும் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

அப்புறம், "இவர்" என்று எழுதுவதா, "நான்" என்று எழுதுவதா? புத்தகத்தின் பின்னட்டைக்கு "இவர்" சரி, அதைப் பதிப்பகம் சொல்வதாகத்தான் வழக்கம். சொந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "இவர் மிகுந்த பணிவு கொண்டவர்" என்று எழுதினால் படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும். யார் டைப் அடித்தது என்று தெரியாதா என்ன? "நான்" என்றே எழுதுங்கள்.

புகழுரை வேண்டுமென்றால் அதற்கு நன்னூலில் ஆளே குறித்திருக்கிறது. ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரையெழுதியவர், இந்த நான்கு பேரும் பாயிரம் சொல்லலாம். தொல்காப்பியரின் பாயிரத்தை எழுதிய பனம்பாரனார் அவருடன் படித்தவர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாயிரம் யார் அவையில் நூல் அரங்கேறியது, எந்த ஆசானுக்கு விளக்கிக் காட்டியது என்பதையும் சொல்கிறது. பாண்டியன் அவை, அதங்கோட்டு ஆசான். போய் விசாரித்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி. அதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். "தரமான தையல்" என்று நீங்கள் சொல்லாதீர்கள், போன முகூர்த்தத்தில் தைத்துக்கொண்ட பெண் அனுப்பிய மெசேஜை அவரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். லிங்க்ட்இன்னில் பரிந்துரைக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, பழைய மேலாளரிடமும் கூட வேலை பார்த்தவரிடமும் கேட்டு வாங்கலாம்.

இடம் எவ்வளவு என்பதைச் சொல்ல மறந்துவிடுவேன். லிங்க்ட்இன் அபவுட்டில் 2,600 கேரக்டர் எழுதலாம், ஆனால் முதல் சில வரி மட்டும்தான் வெளியே தெரியும், மிச்சத்தைத் தட்டித் திறக்க வேண்டும். "என் பயணம் தொடங்கியது ஒரு சிறிய கிராமத்தில்" என்று ஆரம்பித்தால் அந்த வரிகள் கிராமத்திலேயே தீர்ந்துவிடும். எக்ஸ் தளத்தில் 160. இன்ஸ்டாவில் 150.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு இடைஞ்சல். கம்ப்யூட்டர் நம் மாதிரி எழுத்தை எண்ணாது. புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. 'கும்பகோணம்' நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பத்து. 'தமிழ்' மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. அதனால் 150 என்பது நமக்கு நூறு எழுத்துக்கும் கீழே வந்து நிற்கும். அக்காவின் பத்தியைச் சுருக்கிப் பார்த்தேன்:

"கல்யாண பிளவுஸ், கை ஆரி வேலை. கும்பகோணம். அளவு ஜாக்கெட் கூரியரில் அனுப்பலாம். முகூர்த்தத்துக்கு 30 நாள் முன் துணி தேவை."

இது 120க்குள் அடங்கிவிடுகிறது. மிச்சத்தில் ஆரம்ப விலையைப் போடலாம். பூ, கும்பிடு, நெருப்பு எமோஜி போடவும் இடமிருக்கிறது, ஆனால் வேண்டாம்.

காலாவதியாகிற சொற்களைப் பார்த்து எழுதுங்கள். 'தற்போது', 'சமீபத்தில்', 'விரைவில் வரவிருக்கும்'. விரைவில் வரவிருக்கும் நூல் என்று போட்டு நான்கு வருடமாக வராத நூல்கள் எத்தனை! '10 ஆண்டு அனுபவம்' என்பதும் அடுத்த வருடம் தப்பாகிவிடும். '2014 முதல்' என்று எழுதினால் யாரும் திருத்த வேண்டாம், தானாகவே கூடிக்கொண்டு போகும்.

போட்டோ, முகம் தெரிகிற மாதிரி ஒன்று போதும். உறவினர் கல்யாண குரூப் போட்டோவில் மற்றவர்களை வெட்டிவிட்டு, தோளில் யாரோ ஒருவரின் கை மட்டும் தெரிகிற படம் வேண்டாம்.

கடைசியாக, எழுதக் கூடாத விஷயங்கள். முழுப் பிறந்த தேதி, வீட்டுக் கதவு எண், பிள்ளைகள் படிக்கிற பள்ளி. நம் ஊரில் அறிமுகம் என்றாலே இதையெல்லாம் ஒப்பித்துப் பழகிவிட்டோம். பிளவுஸ் தைக்கக் கொடுப்பவருக்கு இதில் எதுவுமே தேவையில்லை, மோசடி செய்கிறவனுக்கு எல்லாமே தேவை. தொழிலுக்கென்று தனி நம்பர் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஊரும் தெருவும் சொன்னால் போதும், கதவு எண்ணை ஆர்டர் கொடுத்தவருக்கு மட்டும் அனுப்பலாம்.

உங்கள் அறிமுகத்தைக் கீழே கமெண்ட்டில் ஒட்டுங்கள். சிலவற்றை எடுத்து அடுத்த வீடியோவில் இதே மாதிரி வரி வரியாகப் பார்க்கிறேன். ஒட்டும்போது ஃபோன் நம்பரை மட்டும் எடுத்துவிடுங்கள். இவ்வளவு சொல்லியும் யாராவது ஒருவர் போடுவார், எனக்குத் தெரியும்.