ஒர்க்_மெம் விளக்கத்தை எங்கே எழுதுவது? – கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. "எங்க சாஃப்ட்வேர் போஸ்ட்கிரெஸ் மேல ஓடுது. ஒர்க்_மெம் விஷயத்துல கஸ்டமர்கள் திரும்பத் திரும்பக் குழம்புறாங்க. விளக்கத்தை கான்ஃபிக் ஃபைல்ல போடலாமா, ரெஃபரன்ஸ் பக்கத்துலயா, டியூனிங் கைடுலயா?"

ஒர்க்_மெம்ங்கறது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஒரு வேலை டிஸ்க்குக்குப் போறதுக்கு முன்னாடி எவ்வளவு மெமரி எடுக்கலாம்னு சொல்ற செட்டிங். முதல்ல அந்தக் குழப்பம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. 16 ஜிபி சர்வர், 100 கனெக்ஷன். ஒர்க்_மெம்மை 64 எம்பி வச்சா மொத்தம் 6.4 ஜிபிதானேன்னு கணக்குப் போடுவாங்க. ஆனா இந்த அளவு கனெக்ஷனுக்கு இல்ல. க்வெரிக்குள்ள வர்ற ஒவ்வொரு சார்ட்டுக்கும் (வரிசைப்படுத்தறது), ஒவ்வொரு ஹாஷ் டேபிளுக்கும் (ஜாயின், குரூப் பண்ண மெமரியில கட்டற டேபிள்) தனித்தனி. எல்லா க்வெரியிலயும் மூணு சார்ட் இருந்தா 19.2 ஜிபி வரைக்கும் போகலாம். ஒரே க்வெரியைப் பிரிச்சுச் செய்யற பேரலல் வொர்க்கர் ஒவ்வொண்ணும் தன் பங்குக்கு எடுக்கும். வெர்ஷன் 15ல இருந்து ஹாஷுக்கு டீஃபால்ட்டாவே ரெண்டு மடங்கு.

இந்தத் தப்புக் கணக்கு நடக்கறது ஃபைலைத் திறந்து எண்ணை மாத்துற அந்த நிமிஷத்துல. போஸ்ட்கிரெஸோட சாம்பிள் ஃபைல்ல அந்த வரிக்குப் பக்கத்துல இருக்கறது 'குறைந்தபட்சம் 64 கேபி'ங்கற குறிப்பு மட்டும்தான். அதனால நீங்க தர்ற ஃபைல்ல ஒரு வரி கண்டிப்பா வேணும்: 'இது கனெக்ஷனுக்கு அல்ல, ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹாஷுக்கும்.' கூடவே ரெஃபரன்ஸ் பக்கத்தோட லிங்க். அதுக்கு மேல அங்க எழுதாதீங்க. கஸ்டமர் கைவச்ச ஃபைலை அப்கிரேட்ல நீங்க மாத்த மாட்டீங்க, பழைய கமெண்ட் அப்படியே வருஷக்கணக்குல கிடக்கும். அந்த ரெண்டு மடங்கையே எடுத்துக்குங்க, 14 வரைக்கும் அது ஒரு மடங்குதான். தவிர, கிளவுட்ல வச்சிருக்கறவங்க ஃபைலைப் பார்க்கறதே இல்ல.

அதனால முழு விளக்கமும், மேல சொன்ன கணக்கோட, ரெஃபரன்ஸ் பக்கத்துல மட்டும் இருக்கட்டும். வெர்ஷன் மாறினா திருத்த வேண்டிய இடம் ஒண்ணே ஒண்ணு.

பலர் கவனிக்காம விடற இடம் ட்ரபிள்ஷூட்டிங் பக்கம். சர்வர் விழுந்தவர் 'ஒர்க்_மெம்'னு தேட மாட்டார். லாக்ல பார்த்த 'அவுட் ஆஃப் மெமரி', 'சிக்னல் 9' (ஓஎஸ் ப்ராசஸை வலுக்கட்டாயமா நிறுத்தினது) இதைத்தான் அப்படியே காப்பி பண்ணித் தேடுவார். அந்த மெசேஜை எழுத்து மாறாம தலைப்பா வைங்க, கீழ ரெண்டு வரி, அங்கிருந்து ரெஃபரன்ஸுக்கு லிங்க்.

டியூனிங் கைடுல அர்த்தம் சொல்ல வேண்டாம், செய்முறை போதும். டெம்ப் ஃபைலை லாக்ல பதியற லாக்_டெம்ப்_ஃபைல்ஸ் செட்டிங்கை 0 ஆக்கி (எல்லாத்தையும் பதியும்) எந்த க்வெரி டிஸ்க்குக்குப் போகுதுன்னு பிடிக்கணும். அதை எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்ல ஓட்டி 'எக்ஸ்டெர்னல் மெர்ஜ்' (சார்ட் டிஸ்க்குல நடந்ததுன்னு அர்த்தம்) வருதான்னு பார்க்கணும். வந்தா மொத்த சர்வருக்கும் ஏத்தாம, ரிப்போர்ட் எடுக்கற ரோலுக்கு (டேட்டாபேஸ் யூசருக்கு) மட்டும் ஆல்டர் ரோல் போட்டு ஏத்தணும்.