அணுக்கழிவிலிருந்து அமெரிசியம்: ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் வேலை

[திரையில்: ஈ.சி.ஆர். சாலை, மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம்]

சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கி.மீ. தூரத்தில் கல்பாக்கம். அணு உலையும் மறுசெயலாக்க ஆலையும் இங்கே பக்கத்துப் பக்கத்தில். எரிந்து முடிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, 30 சதவீதம் டி.பி.பி. (டிரைபியூட்டைல் பாஸ்பேட், உலோகத்தைப் பிடித்து மேலே தூக்கும் சேர்மம்) சேர்த்த டோடெகேனோடு கலக்குவார்கள். டோடெகேன் நம்ம மண்ணெண்ணெய் ஜாதிதான், மேலே மிதக்கும். யுரேனியமும் புளூட்டோனியமும் அதில் ஏறிவிடும்.

கீழே அமிலத்தில் தங்குவதுதான் இன்றைய விஷயம். அதில் சீசியம்-137 இருக்கிறது. 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனால் கூடவே இருக்கும் அமெரிசியம்-243 என்ற கதிரியக்க உலோகத்துக்கு அரை ஆயுளே, அதாவது பாதியாகக் குறையவே, சுமார் 7,370 ஆண்டு. அதைத் தனியே பிரித்து உலையில் போட்டு எரிப்பதுதான் நோக்கம்.

[திரையில்: இரண்டு அடுக்குத் திரவம்]

அமெரிசியத்தை டி.பி.பி.யால் பிடிக்க முடியாது. சி.எம்.பி.ஓ. என்ற இன்னொரு பாஸ்பரஸ் சேர்மம் பிடிக்கும். 0.2 மோலார் சி.எம்.பி.ஓ., கூடவே 1.2 மோலார் டி.பி.பி. 'பிடிக்காத டி.பி.பி. எதற்கு?' என்று கேட்பீர்கள். அது இல்லாவிட்டால், உலோகம் ஏறிய சேர்மம் டோடெகேனில் கரையாமல் நடுவில் மூன்றாவது அடுக்காகப் பிரிந்து நிற்கும். அப்புறம் எந்தக் குழாயில் எது போகிறது என்றே தெரியாது.

பங்கீட்டு விகிதம், அதாவது மேல் அடுக்கில் அமெரிசியச் செறிவு கீழ் அடுக்கில் இருப்பதைப்போல் எத்தனை மடங்கு என்பது, 10 என்று வைப்போம். சம அளவில் ஒருமுறை கலக்கினால் 11-ல் ஒரு பங்கு அமிலத்திலேயே நிற்கும். புதுக் கரைப்பானோடு மூன்று முறை என்றால் 1,331-ல் ஒரு பங்குதான். சிர்க்கோனியமும் மாலிப்டினமும் கூடவே ஏறப் பார்க்கும். ஆக்ஸாலிக் அமிலம் சேர்த்து அவற்றைக் கீழேயே நிறுத்தலாம்.

இனி மேலே ஏறிய அமெரிசியத்தைத் திரும்ப நீர் அடுக்குக்கு இறக்கணும். நீர்த்த அமிலம் ஊற்றினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் சி.எம்.பி.ஓ. நைட்ரிக் அமிலத்தையும் சேர்த்தே தூக்கியிருக்கிறது. அது இறங்கி வந்து அமிலச் செறிவை ஏற்றிவிட, அமெரிசியம் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால் சிட்ரிக் அமிலம், ஆமாம், எலுமிச்சையில் இருப்பதேதான், சேர்த்துக் கீழே இழுக்கிறார்கள். சி.எம்.பி.ஓ.வுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய டைகிளைகாலமைடு வகைக் கரைப்பான்களில் இந்தத் தொல்லை குறைவு. பாஸ்பரஸ் இல்லாததால் எரித்தால் சாம்பலும் மிஞ்சாது.

கதிர்வீச்சு டி.பி.பி.யைச் சிதைத்து டைபியூட்டைல் பாஸ்பேட் ஆக்கும். அது உலோகத்தை விடாது. சோடியம் கார்பனேட்டில் கழுவித்தான் கரைப்பானை மறுபடி பயன்படுத்த முடியும்.

[திரையில்: அமெரிசியம், லாந்தனைடு அயனிகள்]

இறங்கியதில் அருமண் உலோகங்களான லாந்தனைடுகளும் கலந்திருக்கும். அவையும் 3+ அயனிகள்தான், அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. சில லாந்தனைடுகள் நியூட்ரானை விழுங்குவதால் அப்படியே உலையில் போட்டு எரிக்க முடியாது. மேல் அடுக்கில் இருக்கும் எச்.டி.இ.எச்.பி. என்ற சேர்மம் லாந்தனைடை மேலே இழுக்க, நீர் அடுக்கில் இருக்கும் டி.டி.பி.ஏ. என்ற சேர்மத்தின் நைட்ரஜன் அணுக்கள் அமெரிசியத்தைக் கீழே பிடித்துவைக்கும். பி.எச். 3-ஐ ஒட்டி நிற்க வேண்டும். நகர்ந்தால் பிரிவு குலையும். லாக்டிக் அமிலம் சேர்ப்பது அதைப் பிடித்துநிறுத்தத்தான்.